உறுதி அளவு: 2

குகை மாரியம்மன் கோயிலுக்குப் பின்சந்தில்
தட்டுவடை செட் கடைக்கு மேல் எங்கள் வீடு.
கடலுக்கு, எந்தப் பக்கம் போனாலும்
ஒரு ராத்திரி பஸ்.

தொண்டியிலிருந்து ரெக்ஸ்லின் மேடம்
ஹார்ட் டிஸ்க்கில் அடைத்துக் கூரியரில் போட்ட கடல்
செவ்வாய்க்கிழமை வந்தது.
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான் பையன்.
அறுநூறு மணி நேரம்.
தண்ணீருக்கடியில் கட்டிவைத்த மைக்
கேட்டதையெல்லாம் நான் திரும்பக் கேட்கவேண்டும்,
எக்செல்லில் குறிக்கவேண்டும்:
படகு. மழை. மீன். தெரியவில்லை.

தேடுவது ஒன்றைத்தான்.
ஆவுளியா.
கடற்பசு என்றால் உங்களுக்குப் புரியும்.
அடியில் புல் மேய்ந்துவிட்டு
மூச்சுக்கு மட்டும் மேலே வருகிற கூச்சக்காரி.

"சம்பளம்?" என்றார் அப்பா.
இல்லை, தன்னார்வப் பணி என்றேன்.
"தன் ஆர்வம் சரி, கரண்ட் பில் யாருது?"
சேகோ ஆலையில் எடை போடுபவர்;
எதையும் தட்டில் வைத்துப் பார்த்துத்தான் பேசுவார்.
அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
சித்தியிடம் போனில் மட்டும்
"கம்ப்யூட்டர்ல ஏதோ மீன் வேலை" என்றாள்.

முதல் வாரம்
கடல் எனக்குக் கடலாகவே கேட்கவில்லை.
யாரோ விடாமல் எதையோ பொரித்தார்கள்.
ஹெட்போனைக் கழற்றினால்
கீழே சீனு அண்ணன் கடாயில் தட்டுவடை.
மாட்டினால் மறுபடி அதே எண்ணெய்ச் சத்தம்.
"சொடக்கு இறால்" என்றார் மேடம்.
"லட்சக்கணக்கில் இருக்கும், கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டே இருக்கும்."
கடை ஒன்பதரைக்குச் சாத்திவிடும்.
இறால்கள் சாத்துவதில்லை.

விசைப்படகு வந்தால்
அம்மாபேட்டைத் தறி முழுசும் என் காதுக்குள் ஓடும்.
அதற்கு நிறம் சிவப்பு.
மூன்று வாரத்தில் என் திரை முழுக்கச் சிவப்பு.

ஒருமுறை, கோப்பு நூற்று நாற்பதில்,
நீளமாக ஒரு முனகல்.
உடம்பு சிலிர்த்து, நட்சத்திரக் குறி போட்டு
ராத்திரியோடு ராத்திரியாக அனுப்பினேன்.
"நங்கூரக் கயிறு, மாதேஸ்வரி.
ஆனால் அழகாகத்தான் இருக்கிறது" என்று பதில்.

நேற்று விடியப்போகிற நேரம்,
கோப்பு இருநூற்றுப் பன்னிரண்டு.
பக்கத்து வீட்டு முருங்கையில் ஒரு சிட்டு கத்தியது.
இந்த இருட்டிலா என்று
ஹெட்போனைக் கழற்றி ஜன்னலைத் திறந்தேன்.
மரத்தில் ஒன்றுமில்லை.
ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரே ஒரு வண்டி விளக்கு
கொண்டையூசி வளைவில் திரும்பி மறைந்தது.
அடியில் படுத்திருக்கும் ஒன்றுக்கு
படகு இப்படித்தான் தெரியும் போல.

திரும்பி வந்து மறுபடி ஓடவிட்டேன்.
கீச், கீச்.
அப்புறம் வாலில் ஒரு நடுக்கம்.
நான்கு வினாடி.
நானூறு கிலோ உடம்புக்கு
ஒரு கைப்பிடிக் குரல்.
ஐந்தாவது வினாடியில் தறி ஓடத் தொடங்கியது.
அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் கேட்டேன்.
சிவப்பு.

கடைசிக் கட்டத்தில் உறுதி அளவு எழுதவேண்டும்:
ஒன்று, இரண்டு, மூன்று.
விரல் மூன்றுக்குத்தான் போனது.
ஆனால் எங்கள் வீட்டில்
சாக்கு எடையைக் கழிக்காமல் எழுதுகிற வழக்கமில்லை;
ஒரு கயிறு என்னை ஏற்கெனவே ஏமாற்றியிருக்கிறது.
இரண்டு என்று போட்டேன்.

ஆறு மணி ஷிஃப்ட்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த
அப்பாவின் காதில் ஹெட்போனை வைத்தேன்.
முகம் சுளித்தார், இறாலுக்கு.
பிறகு
தலை தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது.
"எங்க அது?" என்றார்.

சொன்னேன்.
சாப்பாட்டுப் பையை எடுத்தார், வைத்தார்.
"இன்னொரு தடவை போடு."
பஸ்ஸை விட்டார்.

இரண்டை நான் மூன்றாக்கவில்லை.
கோப்பு இருநூற்றுப் பதின்மூன்று:
படகு. படகு. இறால்.
ஏழாவது நிமிடம், தெரியவில்லை.